புதிதாக மாடு கட்டுகிறவர்களுக்கு

1. மாடு வாங்குமுன் தண்ணீர் வசதியைப் பாருங்கள். கறவைமாடு சாதாரண நாளிலேயே 60 லிட்டர் வரை குடிக்கும். கோடையில் 100 லிட்டரைத் தொடும். காலையும் மாலையும் கழனித்தண்ணீர் காட்டிவிட்டு, நடுப்பகலில் தொட்டியைக் காயப்போடும் வீடுகள் உண்டு. அங்கே யாரும் மாட்டை அடிப்பதில்லை. ஆனாலும் அது வதைதான்.

2. கயிறு, மாடு படுத்துத் தலையை விலாவில் சாய்க்கும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும். கிடாரி வளர வளரக் கழுத்துக்கயிற்றைத் தளர்த்துங்கள். கவனிக்காமல் விட்டால் கயிறு சதைக்குள் இறங்கிப் புழு வைத்துவிடும்.

3. கன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகத்தான் கன்றுக்கு வந்து சேர்கிறது. ஒரு நாள் தாண்டினால் கன்றின் குடல் அதை உறிஞ்சாது. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்; பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டவிடுங்கள். 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 3 லிட்டராவது, இரண்டு மூன்று வேளையாக, உள்ளே போக வேண்டும்.

கலப்பினக் காளைக்கன்றின் பாடுதான் கண்கொண்டு பார்க்க முடியாதது. ஏருக்கும் வண்டிக்கும் அதை யாரும் கேட்பதில்லை. அதனால் மடியில் நாலு இழுப்பு விட்டுவிட்டுப் பிடித்துக் கட்டிவிடுவார்கள். சில வாரத்தில் எலும்பும் தோலுமாகிச் செத்துப்போகும். பிறகு அதன் தோலிலேயே வைக்கோலைத் திணித்துத் தாயின் முன் நிறுத்திக் கறப்பார்கள். கண்ணுகளா, உங்கள் கட்டுத்தரையில் அது வேண்டாம். காளைக்கன்று வேண்டாமென்றால் பாலினம் பிரித்த சினை ஊசி இருக்கிறது. பத்துக்கு ஒன்பது கிடாரியாகப் பிறக்கும். காளை பிறந்துவிட்டால், அதன் பங்குப் பாலை அது குடிக்கட்டும்.

4. பால் இறங்க ஆக்ஸிடோசின் ஊசி போடாதீர்கள். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 12ஆம் பிரிவில் இதைக் குற்றமாக வைத்திருக்கிறது. மடியைக் கழுவித் துடைத்து, தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் கறந்தால் பால் தானே இறங்கும். பயந்த மாடு பாலை அடக்கிக்கொள்ளும். கறக்கும் இடத்தில் சத்தம் போடுகிறவரை வெளியே அனுப்புங்கள்.

5. மாடு அசைபோடாமல் நிற்கிறதா, ஒரு காலை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைக்கிறதா? நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962க்குக் கூப்பிடுங்கள். கோமாரித் தடுப்பூசியை அரசே இலவசமாகப் போடுகிறது.

6. விற்கும் நாளிலும் பொறுப்பு உங்களுடையதுதான். பணத்தை எண்ணி வாங்கியதும் திரும்பிவிடாமல், மாடு வண்டி ஏறும்வரை நில்லுங்கள். வாலை முறுக்கவோ கண்ணில் மிளகாய் தேய்க்கவோ விடாதீர்கள். 1978ஆம் ஆண்டு விதிப்படி ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஏழாவதாக உங்கள் மாட்டை நெருக்கித் தள்ளினால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓட்டி வந்துவிடுங்கள். அடுத்த வாரமும் சந்தை கூடும்.