பூனையின் தட்டில் ஒரு சதவீதப் பாடம்

எங்கள் பள்ளியைச் சுற்றி வயல் வீடுகள் அதிகம். நெல் மூட்டையை எலியிடமிருந்து காக்க வீட்டுக்கு ஒரு பூனையாவது இருக்கும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பூனைக்குக் கால் முறிந்தது. வேட்டைக்குப் போக முடியவில்லை. "என்ன கொடுக்கலாம் டீச்சர்?" என்று கேட்டாள். "பாலும் சோறும் போதும்மா" என்றேன், யோசிக்காமல்.

பல மாதம் கழித்து வந்து சொன்னாள்: "நீங்க சொன்னதைத்தான் கொடுத்தேன் டீச்சர். இப்போ அதுக்குக் கண்ணு சரியாத் தெரியலை." பூனையைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர், டாரின் குறைவு காரணமாக இருக்கலாம் என்றாராம். அன்று வகுப்பிலேயே என் தவறை ஒப்புக்கொண்டேன். அதுவே எங்கள் அடுத்த செயல்பாடு ஆயிற்று.

முதலில் அறிவியல். பூனை கட்டாய ஊனுண்ணி. டாரின் என்ற அமினோ அமிலத்தைத் தேவையான அளவு அதன் உடலால் தயாரிக்க முடியாது. இறைச்சி, மீன், எலி இவற்றிலிருந்தே கிடைக்க வேண்டும். இது குறைந்தால் விழித்திரை சிதையும் என்பது 1975-லும், இதயத்தசை பலவீனமாகும் என்பது 1987-லும் ஆய்வுகளில் வெளியானது. நாய் இதைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதனால் நாய் உணவு பூனைக்கு ஈடாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கும் வரும்.

அடுத்து கணக்கு. பூனை உணவின் காலி உறைகளைச் சேகரித்து வரச் சொன்னேன். உலர் உணவு உறையில் புரதம் 32%, நீர் 10%. குழம்பு போன்ற ஈர உணவு உறையில் புரதம் 10%, நீர் 80%. "எது சிறந்தது?" என்றதும் எல்லாரும் 32-ஐக் காட்டினார்கள். நீரைக் கழித்துப் பார்க்கச் சொன்னேன்.

உலர் உணவு: 32 ÷ 90 × 100 = 35.6%
ஈர உணவு: 10 ÷ 20 × 100 = 50%

வகுப்பு ஒரு கணம் அமைதியானது. எந்த எடையில் சதவீதம் என்று கேட்காமல் ஒப்பிடக் கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பின்னர் குழுக்களாக உறையைப் படித்தார்கள். சேர்பொருள் பட்டியலில் எடை மிகுந்தது முதலில் வரும். அங்கே இறைச்சியோ மீனோ இருக்கிறதா, தானியமா? டாரின் குறிப்பிடப்பட்டுள்ளதா? முழுமையான உணவா, தின்பண்டம் மட்டுமா? காலாவதி நாள் என்ன?

எல்லா வீட்டாராலும் உறை உணவு வாங்க முடியாது. எனவே வீட்டு உணவுக்கும் பட்டியல் போட்டோம்: உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மீன், கோழி இறைச்சி, முட்டை, ஈரல் சிறிதளவே. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறும் வெந்த எலும்பும் கூடாது. தண்ணீர் எப்போதும் வேண்டும். எலி பிடிக்கட்டும் என்று பட்டினி போடவும் வேண்டாம். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். எலி மருந்து வைத்த வீட்டில், அதைத் தின்ற எலியே பூனைக்கு நஞ்சாகலாம்.

அந்தப் பூனைக்குப் பார்வை திரும்பவில்லை. தட்டில் தட்டினால் ஓசை கேட்டு வந்துவிடுகிறதாம்.

பூனை இல்லாத ஊரிலும் இப்பாடத்தை நடத்தலாம். மாட்டுத் தீவன மூட்டையிலும் கோழித் தீவனப் பையிலும் புரதம், நீர் அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். குழந்தைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.