அட்டையில் அச்சான பெயர்

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தை விரும்பும் சிறுவர் பலர், ஆட்டக்காரர்களின் அட்டைகளைச் சேகரிப்பர். உள்ளங்கையில் அடங்கும் அட்டையின் முன்புறத்தில் ஆட்டக்காரரின் படமும் பெயரும் இருக்கும். பின்புறத்தில் அவருடைய ஆட்டக் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். 1950களில் டாப்ஸ் என்னும் நிறுவனம் இவற்றைச் சூயிங்கத்துடன் உறையிலிட்டு விற்றது. உறையினுள் யாருடைய அட்டை உள்ளது என்பது பிரித்த பின்னரே தெரியும். ஆகவே, ஒரே அட்டை இரண்டு கிடைத்தால், ஒன்றை நண்பரிடம் கொடுத்துத் தம்மிடம் இல்லாததைப் பெற்றுக்கொள்வர்.

எல்லா அட்டைகளையும் திரட்டுதல் அரிது. எனவே, சிலர் தாம் விரும்பும் ஓர் அணியின் பழைய ஆட்டக்காரர்களின் அட்டைகளை மட்டும் தேடுவர். பிட்சுபர்க் நகரின் பைரேட்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். அவ்வணியில் ஆடிய ஹோனஸ் வாக்னரின் அட்டை, 1909 முதல் 1911 வரை சிகரெட்டுப் பெட்டிகளில் வைத்து வழங்கப்பட்ட வரிசையைச் சேர்ந்தது. அதன் மிகச் சில படிகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 2022ஆம் ஆண்டில் எழுபத்திரண்டரை இலட்சம் டாலருக்கு விற்பனையானது.

அட்டையின் மதிப்பு விலையில் மட்டும் இல்லை. அதே அணியின் ராபர்ட்டோ கிளெமென்டே, புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். 1955ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முதல் டாப்ஸ் அட்டையில் ‘ராபர்ட்டோ’ என்றே பெயர் இருந்தது. ஆனால், 1957 முதல் 1969 வரை வந்த அட்டைகளில் ‘பாப்’ என்று அச்சிட்டனர். ஆங்கிலம் பேசுவோர் வழங்கிய அப்பெயரை அவர் விரும்பவில்லை. 1970ஆம் ஆண்டு அட்டையில் ‘ராபர்ட்டோ’ என்னும் பெயர் மீண்டும் வந்தது. அட்டைகளை ஆண்டு வரிசையில் அடுக்குபவர், ஒருவர் தம் பெயரை இழந்து மீளப் பெற்ற வரலாற்றையும் காண்பார்.

1972ஆம் ஆண்டு டிசம்பரில் நிகராகுவா நாட்டில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. துன்புற்ற மக்களுக்கு உதவிப் பொருள்களுடன் டிசம்பர் 31 அன்று புறப்பட்ட கிளெமென்டே, விமானம் கடலில் விழுந்ததால் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 38. அவர் அணிந்த 21ஆம் எண்ணைப் பைரேட்ஸ் அணியில் பின்னர் வேறு எவருக்கும் வழங்கவில்லை.

சொல்லும் பொருளும்

அரிது – எளிதில் இயலாதது
படி – ஒன்றுபோல் அச்சிட்டவற்றுள் ஒன்று
எஞ்சிய – மீதமுள்ள
உயிர்நீத்தல் – இறத்தல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: அவ்வணி, அப்பெயர்.

2. விடை எழுதுக:
அ) சிறுவர்கள் அட்டைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டது ஏன்?
ஆ) கிளெமென்டேயின் அட்டைகளில் 1957, 1970 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றங்கள் யாவை?

3. சிந்தித்து எழுதுக:
உங்கள் பெயரைப் பிறர் சுருக்கியோ மாற்றியோ அழைத்ததுண்டா? அப்போது நீங்கள் என்ன கூறினீர்கள்? அப்பெயரை உங்களுக்கு இட்டவர் யார், ஏன் இட்டார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.