முந்தின நாளே அடிக்கும் மணி

கேள்வி: ஆபீஸ் கம்ப்யூட்டர் காலண்டரில் கல்யாண நாள், பிறந்தநாள் எதைக் குறித்தாலும் 18 மணி நேரம் முன்பே நினைவூட்டுகிறது. ஒரேயடியாக மாற்ற வழியே இல்லையா?

பதில்: இப்படிப்பட்ட முழுநாள் நிகழ்ச்சி நள்ளிரவு 12-க்குத் தொடங்குவதாக அந்தக் காலண்டருக்குக் கணக்கு. 18 மணி நேரம் பின்னால் போனால் முந்தின நாள் காலை 6. அந்நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? செட்டிங்ஸில் இருக்கும் ‘15 நிமிடம்’ என்ற நினைவூட்டல் நேரம், மணி குறித்த மீட்டிங்குகளுக்கு மட்டும்தான். வடிவமைத்தவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலும்! ஆபீஸ் காலண்டரில் ஒவ்வொன்றாகக் கையால்தான் மாற்ற வேண்டும். கூகுள் காலண்டரில் இந்தத் தொல்லை இல்லை. முழுநாள் நிகழ்ச்சிக்குத் தனி நினைவூட்டல் நேரம் குறிக்கலாம். ஐபோன் செட்டிங்ஸில் பிறந்தநாளுக்கே தனி வரி உண்டு. வீட்டு விசேஷங்களை ஃபோனுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.