சன்னலோரத்தில் ஒரு புளியாரை

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களின் நாள்கள் பெரும்பாலும் மருந்து வேளைகளாலேயே பிரிக்கப்படுகின்றன. அவ்வேளைகளுக்கு நடுவே கண்ணுக்கும் கைக்கும் சிறு வேலை தருவது ஒரு தொட்டிச்செடி. செலவின்றிக் கிடைப்பதும் எளிதில் வளர்வதுமான புளியாரையைப் பற்றி இப்பாடத்தில் காண்போம். அதனை வளர்க்கக் கூடாதவர்கள் யார் என்பதையும் உடன் அறிந்துகொள்வோம்.

செடியை அறிதல்

மூன்று சிற்றிலைகள் கொண்ட செடிகளையெல்லாம் குளோவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மைக் குளோவர் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த இடங்களை விரும்புவது. நீர்நிலைகளில் வளரும் ஆரைக்கீரை நான்கு சிற்றிலைகள் உடையது. அது பூக்காத பெரணி இனம். நம் வீட்டுச் சுவரோரங்களில் தானே முளைக்கும் புளியாரைக்கு இதய வடிவில் மூன்று சிற்றிலைகளும், ஐந்து இதழ்கள் கொண்ட சிறு மஞ்சள் பூக்களும் உண்டு.

வளர்க்கும் முறை

அடியில் துளையுள்ள சிறிய தொட்டியில் செம்மண், மணல், மட்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புவோம். தரையில் படரும் தண்டு கணுக்களில் வேர்விடும் இயல்புடையது. அவ்வாறு வேர்விட்ட ஒரு துண்டை நட்டாலே போதும். வெளிச்சம் நன்கு விழும் சன்னலருகே தொட்டியை வைப்போம். மேல்மண்ணில் விரல் நுனியை அழுத்திப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டும் நீர் விடுவோம். அடித்தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. காய்கள் முற்றினால் வெடித்து விதைகளைத் தெறிக்கும். ஆதலால் பிற தொட்டிகளிலும் பரவாதிருக்கக் காய்களை முன்னதாகவே கிள்ளிவிடுதல் நன்று.

உறங்கும் இலைகள்

புதிதாக வளர்ப்போர் முதல் மாலையிலேயே கலங்குவதுண்டு. பொழுது சாய்ந்ததும் சிற்றிலைகள் கீழ்நோக்கி மடிந்து தொங்கும். வாடிவிட்டதென்று அஞ்சி நீரை ஊற்றுவர், மறுநாளும் ஊற்றுவர். அந்த மிகுநீரே வேரை அழுகச் செய்து செடியைக் கொல்கிறது.

இம்மடிதல் செடியின் உறக்கம். சிற்றிலைகளின் அடியிலுள்ள புடைப்புகளில் நீரழுத்தம் மாறுவதால் இது நிகழ்கிறது. சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸின் துணையோடு 1880இல் வெளியிட்ட நூலில் இவ்வகை அசைவுகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். கடும் வெயிலிலும் இலைகள் மடிவதுண்டு. எனவே ஐயம் எழுந்தால் காலை வரை பொறுத்திருப்போம். விடிந்தபின் விரிந்தால் அது உறக்கம். விடிந்தும் விரியாமல் தண்டும் துவண்டிருந்தால், அப்போது மண்ணின் ஈரத்தைச் சோதிப்போம். பதற்றத்தில் செய்வதைவிடப் பார்த்துச் செய்வதே பராமரிப்பு என்பதைப் பராமரிப்பாளர்களாகிய நாம் இச்செடியிடமும் பழகலாம்.

எச்சரிக்கை

புளியாரையின் புளிப்புக்கு அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலமே காரணம். துவையலாகவும் கீரையாகவும் இதனை உண்ணும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆயினும் ஆக்ஸலேட் கால்சியத்துடன் சேர்ந்து சிறுநீரகக் கல்லாக மாறக்கூடும். செயல்திறன் குன்றிய சிறுநீரகம் அதனை முழுமையாக வெளியேற்ற இயலாது. ஆகவே சிறுநீரக நோயாளிகளும் கல் அடைப்பு ஏற்பட்டவர்களும் இதனை உண்ணலாகாது. ஏனையோரும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தாகக் கொள்ள வேண்டா.

புற்றுநோய் மருந்து பெறுவோரும், உறுப்பு மாற்றச் சிகிச்சை பெற்றோரும் மண்ணைத் தொடுவதைத் தவிர்க்க வேண்டும். மண்ணிலுள்ள பூஞ்சை வித்துகள் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் நுரையீரலைத் தாக்கக்கூடும். அவர்கள் இருக்கும் அறையில் தொட்டியை வைக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டறிக. மருத்துவமனை அறைக்குத் தொட்டிச்செடி கொண்டுவருதல் வேண்டா. கையில் புண் உள்ளவர்கள் கையுறை அணிக. மண் வேலை முடிந்ததும் அனைவரும் சோப்பால் கை கழுவுக.

இவ்வளவும் கடைப்பிடித்தால், காலையில் மருந்தைக் கையில் எடுக்கும் வேளையில் இலைகள் விரிந்திருப்பதை நாள்தோறும் காணலாம். தொட்டியைத் தொடக் கூடாதவர்களும் மருத்துவர் ஒப்புதலோடு தொலைவிலிருந்து அக்காட்சியில் பங்கு கொள்ளலாம்.