குளமும் கோயிலும்: இரணைமடு உணர்த்தும் பாடம்

மூர்த்தி, தலம், தீர்த்தம் மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் இடத்தையே நம் முன்னோர் திருத்தலம் எனப் போற்றினர். தலத்துக்குரிய மரத்தையும் தெய்வமாகவே வணங்கினர். வன்னிப் பெருநிலப்பரப்பில் இதனைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. குளக்கட்டில் ஒரு மரம். அதன் கீழே பிள்ளையார் அல்லது ஐயனார். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வயல். அறுவடை முடிந்ததும் புத்தரிசியில் பொங்கிக் குளத்தின் காவல் தெய்வத்துக்குப் படைத்த பின்னரே தாம் உண்பது கமக்காரர் வழக்கம். நீரைத் தந்தவருக்கு முதற் பங்கு என்பதே இதன் பொருளாகும்.

இவ்வுறவின் பெருமையை அறிய இரணைமடுக் குளத்தின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 'இரணை' என்றால் இரட்டை. கனகராயன் ஆற்றை மறித்து 1902 ஆம் ஆண்டு தொடங்கிய குளத்தின் கட்டுமானம் 1920 இல் நிறைவெய்தியது. பின்னர் கட்டு பலமுறை உயர்த்தப்பட்டு, 1977 அளவில் 1,06,500 ஏக்கர் அடி நீரைக் கொள்ளுமளவுக்குக் குளம் பெருகியது. கிளிநொச்சியின் நெல்வயல்களுக்கு உயிர்நாடியாக விளங்கும் இக்குளத்தின் அருகிலே கனகாம்பிகை அம்பாள் கோயில் கொண்டு அருள்பாலிக்கின்றாள்.

போரினால் மக்கள் ஊரைவிட்டு அகன்ற காலத்தில் வயல்கள் பற்றையாகின; வாய்க்கால்கள் தூர்ந்தன. 2009 இன் பின்னர் மக்கள் மீளக் குடியேறினர். 2012 தொடக்கம் விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் உதவியுடன் குளம் புனரமைக்கப்பட்டது. நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்ந்தது. 2018 மார்கழி மாதத்தில் புதுப்பிக்கப்பட்ட குளம் திறந்து வைக்கப்பட்டது. அதே மாதம் 21, 22 ஆம் திகதிகளில் பெருமழை பொழிந்து, குளம் நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. நீர் வாழ்விக்கும், அதுவே வருத்தவும் செய்யும் என்பதை அன்று எல்லோரும் கண்டோம்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. கட்டு மட்டும் குளமாகாது. கட்டு, துருசு, வான் ஆகியவற்றை அரசாங்கமும் நிதி நிறுவனங்களும் திருத்தித் தரலாம். ஆனால் அலைகரையும், நீர் வரும் வழியும், மேலேயுள்ள காடும் சேர்ந்ததே குளம். அலைகரையில் நிற்கும் மருத மரங்கள் காற்றைத் தடுத்து அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. கரையோரப் புல்லும் பற்றையும் வெள்ளத்தோடு வரும் மண்ணை வடிகட்டுகின்றன. காட்டை வெட்டினால் மண் கரைந்து குளத்தில் படியும். குளத்தின் கொள்ளளவு குறையும். ஆற்றிலே அளவுக்கு மிஞ்சி மணல் அள்ளினால் கரைகள் இடியும். அவ்வாறாயின் கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டை உயர்த்தியதன் பயன் என்ன? வறண்ட வலயத்துக் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றதும், குளத்தையும் காட்டையும் வயலையும் ஊரையும் ஒன்றாகக் கருதிய நம் நாட்டு முன்னோரின் அறிவுக்காகவேயாம்.

அலைகரையைக் காப்பவர் யார்? இதற்கு வற்றாப்பளை விடை கூறுகின்றது. கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் கடல்நீரில் விளக்கெரியும். பாக்குத் தெண்டல் முதல் பொங்கல் வரை ஒவ்வொரு கடமைக்கும் உரியவர்கள் உளர். இடப்பெயர்வினால் சிதறிய ஊர் மீண்டும் கூடியபோது அக்கிரியைகள் முறைதவறாது தொடர்ந்தமைக்குக் காரணம், கடமையறிந்த பெரியோர் அதனை நெஞ்சிலே சுமந்து திரும்பியமையே. இதுவே ஊரின் உண்மையான தலைமைத்துவம்.

குளத்துக்கும் இத்தகைய தலைமை வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அந்தஸ்து அளித்துள்ளது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் கமக்காரர் கூட்டத்தில் கூடியே தீர்மானிக்கின்றனர். அலைகரையின் எல்லை எது, எந்த மழைக்கு நீர் எவ்வழி வரும் என்பதை அறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே இளைஞர் அவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

ஆலய பரிபாலன சபைகள் இதற்கு முன்னிற்கலாம். திருவிழாவுக்கு முன்னர் செய்யும் சிரமதானத்தை ஆலய வீதியோடு நிறுத்தாது குளக்கட்டு வரை கொண்டு செல்லலாம். ஆண்டுதோறும் அலைகரையில் சில மருதங்கன்றுகளையேனும் நட்டு, அவற்றைப் பேணும் பொறுப்பை அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். பொங்கலன்று பொலித்தீன் பைகளைக் குளத்தில் வீசாதிருத்தலும் வழிபாடேயாம்.

தீர்த்தம் தூயதாயின் தலமும் தூயதாகும். குளம் நிறையவும் வயல் விளையவும் ஊர் ஒன்றுபட்டு வாழவும் எல்லாம் வல்ல அம்பிகையின் திருவருளை வேண்டிப் பிரார்த்திப்போமாக.