சைக்கிள் பையில் ஒரு பம்பு

வடலூரிலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரத்துக்கு சைக்கிளில் போகிறவர்கள் பையில் ஒரு சின்ன பம்பு வைத்திருப்பது நல்லது. விலை கேட்பதற்கு முன் வால்வைப் பாருங்கள். பழைய கறுப்பு சைக்கிளுக்கு வால்டியூப் போட்ட வால்வு. கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் பைக் வால்வு. இரண்டுக்கும் ஒரே வாய் பொருந்தாது. நேராகச் செருகும் பம்பைவிடக் குட்டி ஹோஸ் உள்ளதே மேல். அடிக்கிற ஆட்டத்தில் வால்வின் அடியில் டியூப் கிழியாது. தடித்த டயருக்கு ஒல்லிப் பம்பு என்றால் கை ஓய்ந்துவிடும். எத்தனை பிஎஸ்ஐ என்பது பெரும்பாலும் டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும். பேட்டரி பம்பு சொகுசுதான், சார்ஜ் இருக்கும்வரை. கருவேல முள் ஏறினால் பம்பு மட்டும் போதாது. ஒட்டுத்துண்டு, சொல்யூஷன், உப்புத்தாளும் வேண்டும்.