ஊர்ப்பெயரை வெட்டிய சில்லு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நான் பத்தாம் வகுப்பு படிக்கையில், ஒருநாள் பிற்பகல் தொலைக்காட்சியில் "பட்டி அருகே பட்டாசு ஆலையில் விபத்து" என்று எழுத்து வந்தது. எந்தப் பட்டி? ஊர்ப்பெயரின் முற்பகுதி திரையில் இல்லை. சிவகாசிப் பக்கம் பட்டிகளுக்கா பஞ்சம்! அம்மா வேலைக்குப் போயிருந்ததும் ஒரு பட்டிக்குத்தான். மாலையில் அவர் வீடு திரும்பும்வரை அப்பத்தாவும் நானும் வாசலிலேயே நின்றோம்.

எங்கள் வீட்டுப் பெட்டி, 2006இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் கிடைத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி. அதன் திரை 4:3, ஒளிபரப்போ 16:9. இரண்டையும் பொருத்துவது செட்டாப் பாக்ஸிலுள்ள சில்லு. முகங்கள் ஒடுங்காமல் பொருத்த முக்கியமாக இரு வழிகள் உண்டு. உயரத்தை நிரப்பினால் அகலத்தில் கால்பங்கு, பக்கத்துக்கு எட்டில் ஒன்றாக, வெட்டுப்படும். அகலம் முழுவதையும் காட்டினால் 576 வரிகள் 432 ஆகச் சுருங்கும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். சுருக்குவதற்காக நான்கு வரிகளில் ஒன்றை அப்படியே நீக்கினால் எழுத்தின் கால் முறியும். ஆகவே அண்டை வரிகளின் ஒளியளவை, நெருக்கத்திற்கேற்ப எடையிட்டுக் கூட்டி, புது வரிகளைச் சில்லு உண்டாக்குகிறது.

படத்தின்மேல் எழுத்தை ஏற்றுவதிலும் இருவகை உண்டு. ஒலியளவுக் கோடு பாக்ஸே வரைவது. பொருத்தும் வேலை முடிந்தபின் ஏற்றப்படுவதால் வெட்டுப்படாது. செய்தி எழுத்தோ நிலையத்திலேயே படத்தோடு கலந்துவிட்டது. சில்லுக்கு அதுவும் வெறும் புள்ளிகளே. ஊர்ப்பெயர் என்று அது அறியாது.

சென்ற ஆண்டு, பாக்ஸின் மெனுவில் ஒரு தெரிவை மாற்றினேன். இப்போது முழுப்பெயரும் தெரிகிறது. எழுத்து சிறுத்துவிட்டதென்று குறைபட்டுக்கொண்டே அப்பத்தா திரைக்குக் கிட்டப்போய் உட்காருகிறார்.